கரண்டியைப் பயகிட்டக் கொடு, தாயி

ஏத்தா, கொரியாச் சோறு ஆக்கப் போறியாமே. கேள்விப்பட்டேன். தெருவுக்கே கேட்டுச்சு. கல்லுச்சட்டி பெட்டியில வந்து இறங்கியிருக்கு. செவப்பு டப்பாவுல கொச்சுஜாங் வந்திருக்கு. நீட்டு நீட்டா இரும்புக் குச்சி வந்திருக்கு. கடற்பாசித் தாளு வந்திருக்கு. படம் பிடிக்க வட்ட விளக்குகூட வந்திருக்கு. எல்லாம் வந்துடுச்சு, திங்கப் போற உன் பயகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா "தயிர்சோறு"ன்னு சொல்லியிருப்பான். அதுக்குப் பயந்துதான் நீ கேக்கல. சூதானமான புள்ளதான்.

"உங்களுக்கு என்ன தாத்தா தெரியும் பிபிம்பாப்பைப் பத்தி"ன்னு மூஞ்சியச் சுளிக்காத. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் கம்பெனி வந்த பெறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியாக்காரங்க நெறையப் பேரு வந்து தங்குனாங்க. அவங்க தங்குன விடுதி ஒண்ணுல அடுப்படி உங்க தாத்தன் பொறுப்புலதான் இருந்துச்சு. அவங்க வீட்டுப் பொம்பளைங்க பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுப்பாங்க. வாயை மூடிக்கிட்டுக் கேட்டேன். இப்ப நீ கேளு. நீ வாயை மூடணும்னு நான் எதிர்பார்க்கல.

மொதல்ல அந்தச் சோத்தோட சாதகத்தைத் தெரிஞ்சுக்கோ. தென்கொரியாவுல தென்மேற்குப் பக்கம் ஜொன்ஜுன்னு ஒரு ஊரு. பிபிம்பாப்புன்னா அந்த ஊரைத்தான் சொல்லுவாங்க. 2012ல யுனெஸ்கோ அதைச் சாப்பாட்டுக் கலைக்குப் பேர்போன நகரம்னு பட்டியல்ல சேத்துச்சு. அங்க மாட்டுக்கறி வேகவச்ச சாறுலயே சோறு ஆக்குவாங்க. பாசிப்பயறு மாவுல கிண்டி, மஞ்சளா வெட்டுன துண்டு ஒண்ணு மேல உக்காந்திருக்கும். தெற்கே ஜின்ஜுன்னு இன்னொரு ஊரு. அங்க பச்சை மாட்டுக்கறியைப் பொடிசா அரிஞ்சு மேல வைப்பாங்க. பயப்படாத, உன்னைய அது செய்யச் சொல்லல.

இந்தச் சோறு எப்பிடிப் பொறந்துச்சுன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. முன்னோருக்குப் படைச்சதை எல்லாரும் ஒரே கும்பாவுல போட்டுப் பகிர்ந்து தின்னாங்கன்னு ஒரு கதை. வயக்காட்டுல வேலை செய்யுற சனம் வெஞ்சனத்தையெல்லாம் சோத்தோட கலந்து தின்னுச்சுன்னு ஒரு கதை. பழைய வருசத்து மிச்சம் புது வருசத்துக்குப் போகக் கூடாதுன்னு, வருசக் கடைசி ராத்திரி இருந்ததையெல்லாம் கலந்து முடிச்சாங்கன்னு இன்னொரு கதை. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில எழுதுன சியுயிஜொன்சோங்கிற சமையல் ஏட்டுலயே இந்தச் சோறு இருக்கு. எந்தக் கதையை எடுத்தாலும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான்: வீட்டுல இருந்ததைப் போட்டுக் கலந்த சோறு. நீ என்ன செய்யுற? வீட்டுல இருந்த அரைக் கேரட்டையும் நேத்துக் கீரையையும் குப்பையில போட்டுட்டு, மூவாயிரத்துக்குச் சாமான் வாங்கி, மிச்சத்தைக் கலக்குற சோறு ஆக்கப் போற. நாகரிகம்னா இதான்போல.

அந்தக் கல்லுச்சட்டி இருக்கே, அதுக்குப் பேரு தொல்சொட். அடுப்புல நல்லாக் காய வச்சு, சோத்தைப் போட்டு, சுர்ருன்னு சத்தத்தோட கொண்டாந்து வைப்பாங்க. அடியில சோறு முறுகிக் காந்தலாகும். நுருங்ஜின்னு அதைச் சுரண்டித் திம்பாங்க. ருசிதான், மறுக்கல. ஆனா அந்தச் சட்டி அடுப்புல இருந்து எறங்கி வெகுநேரத்துக்குச் சூடு தணியாது. அதைப் போயி, தம்ளரை நேரா வைக்கத் தெரியாத பயலுக்கு முன்னாடி வைக்கப் போறியா? திருப்பி அனுப்ப முடிஞ்சா அனுப்பு. முடியலேன்னா அதுல உன் புருசனுக்கு வை. அவன் போனைப் பாத்துக்கிட்டே திங்குற ஆளு. ஒருதரம் கைபட்டா சோத்தைப் பாத்துத் திங்கப் பழகுவான். பயலுக்கு அகலமான கும்பா போதும். பெசையுறப்ப வெளிய சிந்தாம இருக்கணும், அதுதான் முக்கியம். கொரியாக்காரங்க சோத்தைக் கரண்டியாலதான் திம்பாங்க. அதனால அந்த இரும்புக் குச்சியையும் உள்ள வச்சிரு.

அடுத்து அந்தச் செவப்பு டப்பா. கொச்சுஜாங் மிளகாப்பொடியும், ஒட்டுற அரிசியும், புளிக்கவச்ச சோயாப் பயறும், உப்பும் சேந்தது. மாசக்கணக்குல மண்பானையில ஊறும். சுன்சாங்ங்கிற ஊரு அதுக்குப் பேர்போனது. அருமையான சரக்கு. ஆனா, ரசத்துல ஒரு மிளகு கூடுனாலே "காரம், காரம்"னு கூரையைப் பிய்க்கிற பய இவன். இவனுக்கு அதை ஊத்திட்டு, "இதான் அசல் முறை"ன்னு சொல்லப் போற. எது அசல்? மிளகாயே அந்த நாட்டுக்கு 16ஆம் நூற்றாண்டுக் கடைசி வாக்குலதான் போய்ச் சேந்துச்சுன்னு சொல்லுவாங்க. நம்ம ஊருக்கும் அது போர்ச்சுக்கீசுக்காரன் கப்பலோட வந்ததுதான். வந்தேறி மிளகாய்க்கு இம்புட்டு விசுவாசம் வேண்டாம்.

ஆன்டோங்னு ஒரு ஊரு. படிச்ச பெரிய குடும்பங்கள் இருந்த ஊரு. அங்க ஹொட்ஜேசாபாப்னு ஒரு சோறு உண்டு. முன்னோருக்குப் படைக்கிற சோத்துல செவப்பு மிளகாயும் பூண்டும் சேக்க மாட்டாங்க. இதுலயும் அதே முறை. சோயா சாஸை ஊத்தித்தான் பெசைவாங்க. ராத்திரியில படிச்சுக்கிட்டு இருந்த பண்டிதருங்களுக்குப் பசிச்சிருக்கு. ஊரு பட்டினி கெடக்கையில தாங்க மட்டும் நல்ல சோறு திங்கக் கூச்சம். அதனால படையல்னு பொய் சொல்லி ஆக்கித் தின்னாங்கன்னு ஒரு கதை ஓடுது. பொய்ப் படையலோ மெய்ப் படையலோ, மிளகாய் இல்லாத பிபிம்பாப்பு கொரியாவுலயே இருக்கு. உன் பயலுக்காக நீ எதையும் கெடுக்கப் போறதில்ல.

அங்கயும் சின்னப் புள்ளைங்களுக்கு மொதல்ல கொடுக்குறது சுடுசோறு, பொரிச்ச முட்டை, கொஞ்சம் சோயா சாஸ், ரெண்டு சொட்டு எள்ளெண்ணெய், அம்புட்டுத்தான். கிம்ச்சிங்கிற ஊறவச்ச காரக் காயைக்கூடத் தண்ணியில அலசிக் காரத்தைப் போக்கித்தான் கொடுப்பாங்க. கொரியன் ஏர் விமானத்துல பிபிம்பாப்பு தருவான். அதுலயே கொச்சுஜாங்கைத் தனிக் குழாய்லதான் கொடுப்பான், பிதுக்குறது உன் இஷ்டம். வானத்துல பறக்குறவனுக்கு இருக்குற உரிமை உன் வீட்டுல உக்காந்திருக்குற பயலுக்கு வேண்டாமா? காரத்தைத் தனிக் கிண்ணத்துல வை. நீயும் உன் புருசனும் போட்டுக்கோங்க. என்னைக்காவது அவனே கையை நீட்டுவான். அன்னைக்கு ஒரு துளி வை.

சரி, வேலைக்கு வா. சோறு ஒண்ணோட ஒண்ணு கொஞ்சம் ஒட்டணும். கஞ்சியாகிடக் கூடாது. அவங்க ஆக்குறது குட்டையான, பசையுள்ள அரிசி. கெடைச்சா அரை மணி நேரம் ஊறவச்சு, ஒரு தம்ளருக்கு ஒண்ணேகால் தம்ளர் தண்ணி வச்சு, மூடி போட்டு ஆக்கு. கெடைக்கலேன்னா நம்ம பொன்னிப் பச்சரிசியை எப்பவும் ஆக்குறதைவிடக் கொஞ்சம் குழைவா ஆக்கு. பாஸ்மதி வேண்டாம். அது பிரியாணிக்குப் பொறந்தது. ஒண்ணை ஒண்ணு தொடாது, காயையும் பிடிக்காது.

இப்பக் காய். இங்கதான் உன் பொறுமை தெரியப் போகுது. நீ எப்பிடிச் செய்வன்னு எனக்குத் தெரியும். எல்லாத்தையும் ஒரே வாணலியில கொட்டி, ஒரு கிண்டு கிண்டி, "முடிஞ்சது தாத்தா"ன்னு சொல்லுவ. அது பிபிம்பாப்பு இல்ல தாயி, அவசரக் கூட்டு. இந்தச் சோத்துல ஒவ்வொரு காயும் தனித்தனியா வேகணும், தனித்தனியா உப்பு வாங்கணும். நாமுல்னு சொல்லுவாங்க அந்தக் காய்களை. மலைப்பக்கம் கோயிலுங்க ஓரத்துல காட்டுக் கீரையா பறிச்சுச் செய்யுற பிபிம்பாப்பு ஒண்ணு இருக்கு, அதுல கறி இருக்காது. அதனால சைவம்னு ஒதுங்கி நிக்க வேண்டிய சோறும் இல்ல இது.

பாலக்கீரையைக் கொதிக்கிற தண்ணியில போட்டு, துவண்டதும் எடு. அரை நிமிசம், மிஞ்சிப் போனா ஒரு நிமிசம். உடனே பச்சைத் தண்ணியில போடு, நெறம் போகாது. பெறகு ரெண்டு கையிலயும் வச்சுப் பிழி. உன் நாத்தனார் பேரைச் சொல்லிக்கிட்டே பிழி, நல்லாப் பிழிபடும். தண்ணி நின்னுச்சுன்னா கும்பாவுல சோறு சொதசொதன்னு ஆயிரும், பய அப்பவே எந்திரிச்சுருவான். பிழிஞ்ச கீரையைப் பொடிசா அரிஞ்சு, உப்பு, எள்ளெண்ணெய், வறுத்துப் பொடிச்ச எள்ளு போட்டுப் பெசறி வை. பெரியவங்களுக்குன்னா ஒரு பல்லு பூண்டு நசுக்கிப் போடலாம்.

முளைகட்டுன பாசிப்பயறை வாங்கி வச்சிருக்கியே, அதைப் பச்சையாப் போட்டுராத. சின்னப் புள்ளைக்கு நல்லா வேகவச்சுத்தான் கொடுக்கணும். கொரியாக்காரங்க சோயாப் பயறு முளையை வேகவைக்கையில ஒரு சட்டம் வச்சிருக்காங்க: மூடி போட்டா கடைசி வரைக்கும் போட்டு வை, தெறந்து வச்சா கடைசி வரைக்கும் தெறந்தே வை. நடுவுல எட்டிப் பாத்தா பச்சை வாடை தங்கிரும்னு சொல்லுவாங்க. நொடிக்கொருதரம் மூடியைத் தூக்கிப் பாக்குற உனக்காகவே போட்ட சட்டம்.

கேரட்டையும் பிஞ்சுச் சுரைக்காயையும் தீக்குச்சி கனத்துக்கு அரிஞ்சு, துளி எண்ணெயில, துளி உப்புல தனித்தனியா வதக்கு. சின்னப் புள்ளைன்னா குட்டையா அரி, நல்லா மெதுவாகட்டும், தொண்டையில சிக்கக் கூடாது. வெள்ளரிக்காயை வட்டமா சீவி, உப்புப் போட்டுப் பத்து நிமிசம் வச்சுப் பிழிஞ்சிரு. காளானை மட்டும் சோயா சாஸ் விட்டு வதக்கு. ஒரு சூத்திரம் சொல்றேன்: வெளுத்த நெறத்துல ஆரம்பிச்சுக் கறுத்த நெறத்துல முடி. மொதல்ல முட்டை, பெறகு சுரைக்காய், பெறகு கேரட்டு, கடைசியில காளான், கறி இருந்தா அதுக்கும் பின்னாடி கறி. ஒரே வாணலி போதும், நடுவுல கழுவ வேண்டாம், ஒண்ணோட சாயம் ஒண்ணுல ஏறாது. பாத்திரம் கழுவுறது உன் புருசன்தானே, அவனுக்காகச் சொல்றேன்.

எள்ளெண்ணெய்னதும் நம்ம நல்லெண்ணெயை எடுத்துக்கிட்டு ஓடி வருவ. ரெண்டும் எள்ளுதான், வித்தியாசம் இருக்கு. நம்மளது வறுக்காத எள்ளை ஆட்டுனது. அவங்களது எள்ளை நல்லா வறுத்துப் பெறகு பிழிஞ்சது. நெறம் பழுப்பு, வாசம் வாசலுக்கு வரும். அதுல வதக்கக் கூடாது, அடுப்பை அணைச்ச பெறகுதான் விடணும், சூட்டுல வாசம் போயிரும். கெடைக்கலேன்னா, நல்லெண்ணெயோட எள்ளைச் செவக்க வறுத்துப் பொடிச்சுத் தூவு. முழுசா அந்த வாசம் வராது. ஆனா பய அதைக் கண்டுபிடிச்சுக் கடுதாசி போடப் போறதில்ல.

பயலுக்கான குழம்பு இது: சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி, தண்ணி ரெண்டு தேக்கரண்டி, சர்க்கரை ரெண்டு சிட்டிகை, எள்ளெண்ணெய் அரைத் தேக்கரண்டி, எள்ளுப்பொடி. தண்ணி எதுக்குன்னு கேக்காத. உலக சுகாதார நிறுவனம் வளந்த ஆளுக்கே நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்புப் போதும்னு சொல்லுது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ்லயே அதுல பாதி கிட்ட வந்துரும். காயிலயும் உப்புப் போட்டிருக்க. சர்க்கரைக்குப் பதிலாத் தேன் விடலாம், ஆனா ஒரு வயசு நெரம்பாத புள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. எள்ளு, சோயா, முட்டை மூணுமே சில புள்ளைங்களுக்கு ஒவ்வாது. புதுசாக் கொடுக்குறதா இருந்தா எல்லாத்தையும் ஒரே நாள்ல கொடுக்காம ஒவ்வொண்ணாக் கொடுத்துப் பாரு. முட்டை மஞ்சக்கரு படத்துல வழவழன்னு ஓடும். பயலுக்கு நல்லா வெந்ததா வை.

இனி அடுக்கு. கும்பாவுல நடுவுல சோறு. சுத்தி ஒவ்வொரு காயும் தனித்தனிக் குவியலா. கொரியாவுல அஞ்சு நெறத்துக்கு ஒரு கணக்கு இருக்கு: பச்சை கிழக்கு, வெள்ளை மேற்கு, செவப்பு தெற்கு, கறுப்பு வடக்கு, மஞ்சள் நடுவு. கீரை, முளைப்பயறு, கேரட்டு, காளான், நட்டநடுவுல முட்டை. பயலுக்குத் தெசை சொல்லிக் கொடுக்கச் சோக்கான வழி. ஒவ்வொரு குவியலையும் அவனே வைக்கட்டும். கேரட்டு வடக்க போனாலும் போகட்டும், உலகம் கவுந்திராது. படம் எடுக்கணும்னா இப்ப எடுத்துக்கோ. ஒரே ஒரு படம். நீ கோணம் பாக்குறதுக்குள்ள சோறு ஆறிரும்.

இப்பத்தான் நான் சொல்ல வந்த விசயம் வருது. நீ இத்தனை நாளா என்ன செஞ்ச? கேரட்டை அரைச்சு இட்லி மாவுல ஒளிச்ச. கீரையை மசிச்சுச் சப்பாத்தியில ஒளிச்ச. பீட்ரூட்டைத் தோசையில ஒளிச்ச. பய கெட்டிக்காரன், உன் வயித்துல பொறந்தவன். இப்ப இட்லியைக்கூடத் திருட்டுச் சாமான் தேடுற போலீசு மாதிரி பிச்சுப் பிச்சுப் பாக்குறான். காயை ஒளிச்சு ஒளிச்சு, காய்னா ஒளிக்க வேண்டிய சாமான்னு நீதான் கத்துக் கொடுத்திருக்க.

இந்தச் சோத்துல ஒளிவு மறைவே கெடையாது. ஒவ்வொரு காயும் தன் நெறத்தோட, தன் எடத்துல, வெளிச்சத்துல உக்காந்திருக்கு. இது கேரட்டு, இது கீரை, வேணும்னா எடு. அதுக்கு மேல பெசையுற வேலையும் திங்குறவன் கையிலதான். நீ அடுப்படியிலயே பெசைஞ்சு கொண்டாந்து வச்சேன்னா, இம்புட்டு வேலையும் வீண். என்ன கலந்திருக்கோன்னு அவன் மறுபடியும் தேட ஆரம்பிச்சுருவான். கரண்டியை அவன்கிட்டக் கொடு. குழம்பைச் சின்னக் கிண்ணத்துல கொடு, அவனே ஊத்தட்டும். சிந்துவான். சிந்தட்டும், சுவத்துக்குக் கண்ணு படாது. கையால பெசைவேன்னு சொன்னாலும் சரின்னு விடு. அவன் தாத்தன் வழி அது.

அவன் என்ன செய்வான்னு முன்கூட்டியே சொல்லிர்றேன். மொத நாளு முட்டையையும் சோத்தையும் மட்டும் தின்னுட்டு, நாலு தெசையையும் அப்பிடியே விட்டுருவான். அப்ப நீ "கீரை தின்னாத்தான் கண்ணு தெரியும், கேரட்டு தின்னாத்தான் செவப்பாவ"ன்னு ஆரம்பிக்கக் கூடாது. "பக்கத்து வீட்டுப் பாப்பா எப்பிடித் தின்னா தெரியுமா"ன்னும் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாப்பா வீட்டுலயும் இவன் பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. ஒரு புதுக் காயை ஒரு புள்ள ஒத்துக்குறதுக்குப் பத்துப் பதினஞ்சு தடவைகூட ஆகலாம்னு புள்ளைங்க சாப்பாட்டை ஆராய்ஞ்சவங்களே சொல்றாங்க. தொட்டுப் பாக்குறது, மோந்து பாக்குறது, நாக்குல வச்சுத் துப்புறது, எல்லாமே பழக்கம்தான். உன் வேலை கும்பாவை வைக்கிறதோட முடிஞ்சது. அவன் வேலையில நீ தலையிடாத.

அப்புறம், மொத நாளே ஏழு காய் வேண்டாம். மூணு வை. ஒண்ணு அவனுக்குப் பிடிச்சது, ஒண்ணு அவன் சகிச்சுக்குறது, ஒண்ணு அவன் மொறைக்கிறது. அடுத்த வாரம் ஒண்ணை மாத்து. அவரைக்கா பொரியலு மிஞ்சியிருந்தா அதையும் வை. மிச்சத்தை வைக்கிறதுதான் இந்தச் சோத்தோட குணமே. சோறு மிஞ்சினா மட்டும் மேடையில வச்சுட்டுச் சீரியலு பாக்கப் போகாத. ஆக்கின சோறு வெளிய வெகுநேரம் கெடந்தா அதுல கிருமி பெருகும், அது கக்குற விசம் திரும்பச் சூடு பண்ணுனாலும் போகாது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள பிரிட்ஜுல வை, மறுநாளு ஆவி பறக்கச் சூடு பண்ணு. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து விடணும்னா, சோத்தோட காயைப் பொடிசா அரிஞ்சு கலந்து உருண்டை பிடிச்சுக் கொடு. கொரியாவுலயும் சின்னப் புள்ளைங்களுக்கு அப்பிடி உருண்டை பிடிச்சுக் கொடுப்பாங்க. சுத்தி அந்தக் கடற்பாசித் தாளைப் பொடிச்சுத் தூவு. வாங்குன சாமான்ல அது ஒண்ணாவது ஒழுங்கா வேலைக்கு ஆகட்டும்.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பயலுக்கு அஞ்சு நெறத்துல கும்பா வச்சுட்டு, நீ அடுப்படியில நின்னுக்கிட்டே ஊறுகாயைத் தொட்டுக்கிட்டு மோரை ஊத்திக் குடிச்சுட்டு, உன் புருசன் வெளிய இருந்து பரோட்டா வரவழைச்சுத் தின்னான்னா, பய அதைப் பாத்துக்கிட்டேதான் இருப்பான். நல்ல காய்னா ஏன் பெரியவங்க திங்கலன்னு அவனுக்குத் தோணாதா? மூணு பேரும் ஒண்ணா உக்காருங்க. மூணு கும்பா, ஒரே காய், ஒரே சோறு, காரம் மட்டும் அவங்கவங்க இஷ்டம். அப்பன் கீரையைத் தின்னா மகனும் திம்பான், அப்பன் ஒதுக்குனா மகனும் ஒதுக்குவான். அதனால சமைக்கிற முறையைப் பயகிட்டச் சோதிக்கிறதுக்கு முன்னாடி, மொதல்ல உன் புருசன் கேரட்டு திங்குறானான்னு பாரு.